மதிப்பெண்ணும் மதியும்

குரும்பகரம் கடைமடை ஊர். மேட்டூரில் திறந்துவிடும் நீர் கல்லணையைக் கடந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகச் சிறுத்து, வழியிலுள்ள வயல்களெல்லாம் குடித்து எஞ்சியதே காரைக்கால் வட்டாரத்துக்கு வந்து சேரும். காவிரி நடுவர் மன்றம் 2007ஆம் ஆண்டின் இறுதித் தீர்ப்பில் புதுவைக்கென்று 7 டி.எம்.சி. எழுதிவைத்தது. தீர்ப்பில் எழுதிய நீர் வேறு, மதகில் விழும் நீர் வேறு என்பது எங்களூர்க் குடியானவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த செய்தி.

ஒரு ஜூன் மாதக் காலையில், மேட்டூர் அணை வழக்கப்படி 12ஆம் நாள் திறக்கப்பட்டது என்னும் செய்தியைத் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படித்தார். ஆகவே இவ்வாண்டு டெல்டாவில் குறுவை செழிக்கும் என்று அச்செய்தி முடிந்தது. பெஞ்சின் மறுகோடியில் அமர்ந்திருந்த முதியவர், மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர், கோப்பையைக் கீழே வைத்தார். "திறந்தது மேட்டூர்லே. நம்ம மதகுக்கு எப்போ வரும்? வந்தா எத்தனை நாளு நிக்கும்? அணையிலே இருப்பு எவ்வளவுன்னு போட்டிருக்கானா? அதைச் சொல்லாம செழிக்கும்னு எப்படி எழுதினான்?" என்றார். படித்தவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். இருப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

அந்த முதியவரின் பேரன் அப்போது பொறியியற் கல்லூரியில் நான்காம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தான். அன்று மாலை ஏதோ ஓர் ஐயம் கேட்க என்னிடம் வந்தான். நான் கல்லூரியில் பொருளியல் பயிற்றி ஓய்வு பெற்றவன். அவன் கையிலிருந்த தாளில், கணினிமயமாக்கல் வேலைவாய்ப்பைப் பெருக்கும் என்று ஒரு வாக்கியம் கண்டேன். "இது உண்மைதான் என்று எப்படி அறிந்தாய், தம்பி?" என்றேன். கேள்வியின் நோக்கம் அவனுக்கு விளங்கவில்லை. சற்று விழித்துவிட்டு, "யூனிட் மூணு நோட்ஸிலே இருக்கு, சார்" என்றான்.

ஒரே வீட்டில், ஒரே திண்ணையில், பாட்டனார் அச்சில் வந்ததை ஐயுறுகிறார். பேரன் அச்சில் வந்ததே சான்று என்கிறான். இவ்விருவருக்குமிடையே நின்ற பொருள் பதினாறு ஆண்டுக் கல்வி ஒன்றே. அது எங்கிருந்து வந்தது, என்ன செய்துவிட்டது என்பதைப் பேசவே இக்கட்டுரை.

இதனை ஓர் ஊர்க்கதையாக ஒதுக்கிவிட முடியாதபடி உலகளாவிய அளவீடு ஒன்று நம்முன் கிடக்கிறது. 2021ஆம் ஆண்டு 'நேச்சர் ஹியூமன் பிஹேவியர்' என்னும் ஆய்விதழில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரசாந்த் லாயல்காவும் அவருடன் பல நாட்டு அறிஞரும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். சீனம், இந்தியா, ருசியா, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளிலும் கணினி அறிவியலும் மின்பொறியியலும் பயிலும் மாணவர் பல்லாயிரவரை அவர்கள் சோதித்தனர். ஒருமுறை சோதித்ததோடு விடாமல், காலம் கழித்து மீண்டும் சோதித்து, இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன வளர்ந்தது என்று கணக்கிட்டனர். கணிதம், இயற்பியல் ஆகியவற்றோடு, கல்வியுலகம் திறனாய்வுச் சிந்தனை என்று பெயரிட்டிருக்கும் அந்த ஆற்றலையும் அளந்தனர். ஒருவர் ஒரு முடிவைச் சொன்னால் அதற்கு அவர் காட்டும் சான்று போதுமா, சொல்லாமல் மறைத்துக்கொண்ட எடுகோள் எது, ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்ததால் முன்னது காரணம் பின்னது காரியம் ஆகிவிடுமா என்று பகுத்துப் பார்க்கும் ஆற்றல் அது. எங்களூர் முதியவர் தேநீர்க் கடையில் செய்தது அதுவேதான்.

ஆய்வின் முடிவு இது: அமெரிக்க மாணவரோடு ஒப்பிடுகையில், சீனம், இந்தியா, ருசியா ஆகிய மூன்று நாட்டு மாணவரும் நான்கு ஆண்டுக் கல்லூரிக் கல்வியில் இவ்வாற்றலில் வளர்ச்சி பெறவில்லை. இதனோடு இன்னொரு முடிவையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் இந்திய மாணவர் கணிதத்திலும் இயற்பியலிலும் முன்னேறியிருந்தனர். சீன மாணவர் அவற்றிலும் முன்னேறவில்லை. ஆகவே நம் பிள்ளைகள் மந்தபுத்தியினர் என்று யாரும் இதிலிருந்து சொல்ல வழியில்லை. கற்பித்ததை அவர்கள் கற்கிறார்கள். அந்த ஆற்றலை எவரும் கற்பிக்கவில்லை.

இவ்வாய்வைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் நம்மவரிடமிருந்து இரண்டு மறுமொழிகள் வருகின்றன. முதலாவது பெருமிதம். "அமெரிக்காவின் மாபெரும் கம்பெனிகளுக்குத் தலைமை தாங்குவோர் இந்தியர், நமக்கு எதற்கு அந்நியன் அளவுகோல்?" என்கிறார்கள். கேட்கச் சுவையாயிருக்கிறது. தலைமை தாங்கும் சிலரைக் கொண்டு ஆண்டுதோறும் பட்டம் பெறும் இலட்சோபலட்சம் பேரின் நிலையை முடிவு செய்யலாமா? அச்சிலர் மேற்படிப்பை எங்கே படித்தனர்? பொறுக்கியெடுத்த உதாரணத்தைக் கொண்டு பொதுவிதி வகுப்பது எவ்வளவு பெரிய பிழை என்று கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்றே அந்தச் சோதனையும் கேட்கிறது. ஆய்வை மறுக்க எழுந்தவர் ஆய்வுக்குச் சான்றாக நின்றுவிட்டார்!

இரண்டாவது மறுமொழி சற்றுக் கனமானது. அதனை இகழ்ந்து தள்ள மாட்டேன். மொழியைக் காரணம் காட்டுவோர் கூற்று அது. தமிழில் எண்ணும் பிள்ளையை ஆங்கிலத்தில் அளந்தால் குறையாகத்தானே காணும் என்கின்றனர். உண்மை. அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டு கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியதைத் தவிர்த்துப் பார்த்தால், நம் தொழிற்கல்வி முழுவதும் ஆங்கிலத்திலேயே நடந்துவந்திருக்கிறது. தேநீர்க் கடை முதியவரை ஆங்கிலத் தாள் ஒன்றின்முன் அமர்த்தினால் அவரும் சுழியமே வாங்குவார். ஆனால் இவ்வாதம் பாதி தூரமே செல்லும். முதலாண்டில் மாணவன் தாழ்ந்து நிற்பதை மொழி விளக்கும். நான்காம் ஆண்டிலும் அங்கேயே நிற்பதை விளக்குமா? நான்கு ஆண்டு ஆங்கிலத்திலேயே பாடம் கேட்டு, ஆங்கிலத்திலேயே தேர்வெழுதியவனுக்கு மொழித்தடை குறைந்திருக்க வேண்டும். அதனாலேயே மதிப்பெண் சிறிதாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது.

இன்னொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. பள்ளி மாணவரை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் 'பீசா' தேர்வின் 2009 சுற்றையொட்டி, இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 இறுதியில் முடிவு வந்தது. பங்கேற்ற 74 நாடுகளும் பகுதிகளுமான வரிசையில் இவ்விரண்டும் கடைக்கோடியில், கிர்கிஸ்தானுக்கு அண்டையில் நின்றன. ஷாங்காய் முதலிடம். உடனே நாம் என்ன செய்தோம்? வினாக்கள் நம் பிள்ளைகளின் வாழ்க்கைச் சூழலுக்குப் பொருந்தாதவை என்றோம்; அடுத்த சுற்றிலிருந்து விலகினோம். 2019இல் மீண்டும் பங்கேற்பதாக ஒப்பந்தம் போட்டோம். 2022இல் அந்தச் சுற்று நடந்தபோது நாம் அதில் இல்லை. காய்ச்சல்காரர் வெப்பமானியை உடைப்பது பழைய உவமை. நாம் உடைக்கக்கூட இல்லை, பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். அந்தக் குழந்தைகள் இன்று முப்பதை எட்டியிருப்பார்கள்.

அளவுகோலை ஐயுறுவோரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தகைய ஒப்பீடுகள் குற்றமற்றவை அல்ல. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் 'அஹேலோ' என்ற பெயரில் 17 நாடுகளின் பல்கலைக்கழக மாணவரை அளக்க ஒரு முன்னோட்ட ஆய்வை நடத்தி, 2012, 2013ஆம் ஆண்டுகளில் அறிக்கை வெளியிட்டது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் முரண்டு பிடித்ததால் திட்டம் அத்துடன் நின்றது. அமெரிக்கா மட்டும் சொர்க்கம் என்பதும் பொய். 2011இல் ரிச்சர்ட் ஆரம், ஜோசிப்பா ரோக்ஸா இருவரும் எழுதிய நூலொன்று, தாங்கள் சோதித்த அமெரிக்க மாணவருள் 45 விழுக்காட்டினர் முதல் இரண்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க எந்த முன்னேற்றமும் அடையவில்லை என்று காட்டியது. அந்நூல் அந்நாட்டில் பெரும் வழக்காடலைக் கிளப்பிற்று. கல்லூரித் தலைவர்கள் மறுத்தெழுதினர். முறையில் குறை கண்டனர். சிலர் பாடத்திட்டத்தைத் திருத்தினர். தம் நாட்டைப் பற்றிய கசப்பான எண்ணிக்கையை அந்நாட்டாரே எண்ணி, அந்நாட்டாரே அச்சிட்டு, அந்நாட்டாரே சண்டையிட்டுக்கொண்டார்கள். 2021 ஆய்வு நம்மைப் பற்றிச் சொன்னதற்கு நம் கல்லூரிகளில் எத்தனை ஆசிரியர் கூட்டங்கள் கூடின? நானறிந்த கல்லூரி எதிலும் ஒன்றுகூட இல்லை.

இவ்வளவும் பேசும் எனக்கு இதைப் பேசும் தகுதியுண்டா என்று கேட்டால், முழுத் தகுதி இல்லை. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. அதைச் சொல்லாமல் மேலே எழுத மனம் இடங்கொடுக்கவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில் இருந்தேன். பசுமைப் புரட்சியின் நன்மைகளை விளக்குக என்பது வினா, 10 மதிப்பெண். கொடுத்திருந்த விடைக்குறிப்பில் ஐந்து நன்மைகள், ஒன்றுக்கு இரண்டாக. கட்டுக் கட்டாகத் தாள்கள். எல்லாவற்றிலும் அதே ஐந்து, அதே வரிசை, பல தாள்களில் அதே எழுத்துப்பிழையுங்கூட. ஒரே ஒரு தாள் மாறியிருந்தது. எந்த ஊர்ப் பிள்ளையோ, கடைமடைப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். நன்மை என்றால் யாருக்கு நன்மை என்று தொடங்கியிருந்தது. உரமிட்டுப் பாசனம் தட்டாமல் கிடைக்கும் மேல்மடை நிலத்துக்குக் குறுகியகால நெல் பொன்னாக விளைந்தது. நீர் நாள் தவறி வரும் நிலத்தில் அதே நெல்லுக்குப் போட்ட உரக்கடன் மட்டுமே மிஞ்சியது. ஆகவே உற்பத்தி பெருகியது என்ற மொத்தக் கணக்கைக்கொண்டு விவசாயி செழித்தான் என்று சொல்வது தவறு என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தது. கையெழுத்து அழகில்லை. வாதம் கல்மேல் எழுத்து.

நான் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வையாளர் வந்து, என்ன தாமதம் என்றார். காட்டினேன். அவர் விடைக்குறிப்பைச் சுட்டி, "அஞ்சிலே எத்தனை இருக்கு?" என்றார். ஒன்று இருந்தது, உற்பத்தி பெருகியது என்பது. "அப்ப ரெண்டு. இரக்கப்பட்டா மூணு" என்று நகர்ந்தார். அன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய தாள்கள் மேசையில் குவிந்திருந்தன. மூன்று போட்டேன். அந்தப் பிள்ளை தேறியதோ, தவறியதோ, தவறியிருந்தால் அந்த மூன்று மதிப்பெண்ணால் தவறியதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். அடுத்த தேர்வில் அந்தப் பிள்ளை ஐந்து நன்மைகளையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கும்.

மேற்பார்வையாளரைக் குறை சொல்லேன். என்னை மட்டும் குறை சொல்லித் தப்பவும் மாட்டேன். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பின்பற்றித் தோன்றின. அவை பாடம் சொல்லத் தோன்றியவை அல்ல. தேர்வு நடத்திப் பட்டம் வழங்கத் தோன்றியவை. பாடம் எங்கோ ஒரு கல்லூரியில் நடக்கும். வினாவை வேறொருவர் எழுதுவார். விடையை மூன்றாமவர் திருத்துவார். மூவரும் ஒருவரையொருவர் காண மாட்டார்கள். காணாத மூவர்க்கிடையே நம்பிக்கைக்குரிய பொதுப்பொருள் ஒன்று வேண்டும். அதுவே பாடநூல். பாடநூலில் உள்ளதைக் கேட்டால் வினா செய்தவர்மீது புகாரில்லை; உள்ளதை எழுதினால் மாணவன்மீது பழியில்லை; உள்ளதற்கு மதிப்பெண் போட்டால் திருத்தியவர்க்கு வம்பில்லை. இந்த முக்கோண உடன்படிக்கையில் நான்காவதாக நுழையும் மாணவனின் சொந்தக் கருத்து ஒரு தொல்லை; அவ்வளவே. அந்நிய அரசுக்குக் குமாஸ்தாக்கள் வேண்டியிருந்தபோது இது பொருத்தமான ஏற்பாடு. அரசு போய்விட்டது, ஏற்பாடு இருக்கிறது.

இதனை நான் புதிதாய்க் கண்டுபிடிக்கவில்லை. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு 1949ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தத்தை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால் தேர்வுச் சீர்திருத்தத்தையே பரிந்துரைப்போம் என்ற கருத்தைத் தெளிவாக எழுதியது. 1964 முதல் 1966 வரை உழைத்த கோத்தாரிக் குழுவும் அதே புண்ணைத் தொட்டது. 1978இல் தமிழ்நாட்டில் கல்லூரிகள் சிலவற்றுக்குத் தன்னாட்சி வந்தது. தாமே பாடம் வகுத்துத் தாமே வினாத்தாள் செய்யும் உரிமை கிடைத்தது. உரிமை பெற்றவருள் பலர் பழைய வினாத்தாளையே புதிய காகிதத்தில் அச்சிட்டனர். அதைப் பற்றி மேலும் எழுதினால் கோபம்தான் வரும்.

இக்காலத்துப் புதுமை ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 2014ஆம் ஆண்டு இந்தியா 'வாஷிங்டன் உடன்படிக்கை'யில் நிரந்தர உறுப்பினராயிற்று. நம் பொறியியற் பட்டத்துக்கு உலக மதிப்பு உறுதிசெய்யும் ஏற்பாடு. அதற்கேற்ப, ஒவ்வொரு வினாவும் மாணவனின் எந்தப் படிநிலைச் சிந்தனையைச் சோதிக்கிறது என்று குறிக்க வேண்டுமாம். 1956இல் பெஞ்சமின் புளூம் வகுத்த ஆறு படிகள்: நினைவுகூர்தல் அடியில், பகுத்தாய்தலும் மதிப்பிடுதலும் மேலே. நல்ல எண்ணம். நடந்தது என்ன? நேற்றுவரை 'விளக்குக' என்றிருந்த வினா இன்றும் 'விளக்குக' என்றே இருக்கிறது. அதன் பக்கத்தில் 'கே4' என்று ஒரு முத்திரை மட்டும் ஏறியிருக்கிறது. கே4 என்றால் பகுத்தாய்தல். முத்திரை ஏறியதால் மனப்பாடம் பகுத்தாய்வு ஆகிவிட்டது! பார்வையாளர் குழு வரும்போது அட்டவணையைக் காட்டினால், இத்தனை விழுக்காடு உயர்படிச் சிந்தனை என்று கணக்குக் கச்சிதமாக நிற்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் இரண்டு மதிப்பெண் வினா பத்து, பதின்மூன்று மதிப்பெண் வினா ஐந்து, இவற்றோடு பதினைந்து மதிப்பெண்ணுக்கு ஒரு வினா சேர்க்கப்பட்டது. கற்றதைப் பயன்படுத்திப் பார்க்கச் செய்வது அக்கடைசி வினாவின் நோக்கம். அதற்கும் விடுதியறைதோறும் வினா வங்கி வந்து சேர்ந்தது. வங்கி என்ற சொல் பொருத்தமானதே. போட்டதைத்தான் எடுக்க முடியும்.

இப்போது நோய்க்கு மருந்து என்று ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை திறனாய்வுச் சிந்தனையைப் பக்கத்துக்குப் பக்கம் போற்றுகிறது. போற்றட்டும். அதனைப் படித்துவிட்டு, அப்பெயரிலேயே ஒரு தனித்தாள் வைத்துவிட்டால் குறை தீர்ந்தது என்று கிளம்பியிருக்கிறார்களே, அவர்களைத்தான் நான் எதிர்க்கிறேன். அப்படிப்பட்ட தாள் ஒன்றின் மாதிரி வினாக்களை நண்பர் ஒருவர் காட்டினார். திறனாய்வுச் சிந்தனை என்றால் என்ன? இரண்டு மதிப்பெண். அதன் பண்புகள் ஐந்தினைப் பட்டியலிடுக. ஐந்து மதிப்பெண். எதையும் கேள்வி கேட்டு ஏற்க வேண்டும் என்பதைக் கேள்வி கேட்காமல் எழுதினால் முழு மதிப்பெண்! எவர் சொன்னாலும் சொன்ன பொருளின் மெய்ம்மையை ஆய்ந்தே கொள்ள வேண்டும் என்று வள்ளுவர் 'அறிவுடைமை'யில் ஓதிய குறளை மனப்பாடப் பகுதியில் சேர்த்து, சீர் பிறழாமல் எழுதச் சொன்னவர்கள் அல்லவா நாம்? அந்தத் திருவிளையாடலின் அடுத்த காண்டம் இது.

அயல்நாட்டைத் தேடிப் போகுமுன் நம் மாநிலத்துக்குள்ளேயே பார்ப்போம். புதுச்சேரியில் 1826இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளி இன்றும் நடந்துவருகிறது. பிரெஞ்சு முறையில் பயிலும் மாணவர் பள்ளியிறுதியில் 'பக்கலோரேயா' எழுதுகின்றனர். அதில் தத்துவத் தாள் ஒன்று உண்டு. நான்கு மணி நேரம். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அல்லது ஒரு பழைய நூற்பகுதியை எடுத்துக்கொண்டு, அந்த நான்கு மணி நேரமும் வாதிட வேண்டும். தன் கருத்துக்கு எதிரான கருத்தையும் தானே எடுத்துரைத்து, எடைபோட்டுக் காட்ட வேண்டும். அங்கும் வார்ப்பு விடைகள் உண்டு, தனிப்பயிற்சி நூல்கள் உண்டு என்று பிரெஞ்சுக்காரரே நொந்துகொள்வர். காரைக்காலை 1739 முதல் ஆண்டவர்கள், ஆளப்பட்டவர் அந்த வாதத்திறனை ஆட்சியின்மீதே திருப்பியபோது மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை. அவர்கள் புகழைப் பாடுவது என் வேலையன்று. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். புதுச்சேரியில் பதினெட்டு வயதுத் தமிழ்ப் பிள்ளை ஒன்று நான்கு மணி நேரம் ஒரு கேள்வியோடு மல்லுக்கு நிற்கிறது. அதே மாநிலத்தின் இன்னொரு மூலையில் இருபத்தொரு வயதுத் தமிழ்ப் பிள்ளை இரண்டு வரியில் இலக்கணம் எழுதி இரண்டு மதிப்பெண் பெறுகிறது. இரண்டும் ஒரே நீர் குடித்த பிள்ளைகள். கேட்கப்பட்ட கேள்வி வேறு.

கேள்வி நமக்கு அந்நியமும் அன்று. காரைக்காலுக்கு வடக்கே, இதே கடற்கரையிலுள்ள பூம்புகாரில் தொடங்கும் மணிமேகலையை எடுத்துப் பாருங்கள். அவள் வஞ்சியில் சமயவாதிகள் பலரிடமும் சென்று ஒவ்வொருவர் கொள்கையையும் அவரவர் வாயாலேயே கேட்கிறாள்; பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குப் போதிக்கும்போது, அனுமானம் எப்படி அமைய வேண்டும், எங்கெங்கே போலியாகும் என்ற தருக்கத்தையே முதலில் போதிக்கிறார். காப்பியத்தில் ஒரு காதை முழுதும் தருக்கப் பிழைகளின் பட்டியல்! நம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கு வந்தால், இன்று நமக்குக் கிடைத்திருக்கும் முழுநூல்களுள் மிகப் பழையது 1572ஆம் ஆண்டு மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'. மசலா என்றால் வினா. யூதப் பெரியார் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் நபிகள் நாயகத்தைக் கேள்விமேல் கேள்வி கேட்டு, விடையில் நிறைவு கண்ட பின்னரே ஏற்றார் என்பது அதன் பொருள். நம்மவர் தமிழில் எழுதிப் போற்றிக் காத்த முதல் நூலே கேள்விகளின் நூல் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? அதன் பின்னே 'நூறு மசலா', 'வெள்ளாட்டி மசலா' என்று ஒரு சிற்றிலக்கிய வகையே வளர்ந்தது. வெள்ளாட்டி மசலாவில் விடை சொல்லிப் புலவர்களை வெல்பவள் ஓர் அடிமைப்பெண் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரபிக் கல்லூரிகளின் பாடத்திட்டத்திலும் 'மன்திக்' என்னும் தருக்கம் நெடுங்காலம் இடம்பெற்றுவந்தது. வாதிடும் முறையைக் கூறும் 'முனாழரா' என்னும் கலையில், எதிரியின் கூற்றை அவன் ஒப்பும்படி எடுத்துரைத்த பின்பே மறுக்கத் தொடங்கலாம் என்ற ஒழுக்கம் உண்டு. ஆனால் இங்கும் நான் உண்மை பேச வேண்டும். தருக்க நூலை உரையோடும் உரைக்குரையோடும் ஒப்பித்து, ஒரு வாதத்தையும் தானாகத் தொடுக்காமலே சனது வாங்கியவர்களை நானறிவேன். நோய் ஆங்கிலக் கல்லூரிக்கு மட்டும் உரியது என்று நம்மவர் யாரும் நிம்மதியாய் உறங்க வேண்டா.

காரைக்கால் வட்டாரம் கல்லூரிகளுக்குக் குறைந்த இடமில்லை. செருமாவிலங்கையில் 1987இல் வேளாண் கல்லூரி தோன்றியது. 2010இல் தேசியத் தொழில்நுட்பக் கழகம் வந்தது. நெடுங்காட்டிலேயே பொறியியற் கல்லூரி இருக்கிறது. கலைக் கல்லூரிகள் அவற்றுக்கும் முந்தியவை. ஒரு தலைமுறைக்கு முன் சிதம்பரத்துக்கும் திருச்சிக்கும் பெட்டி தூக்கிச் சென்ற படிப்பு இன்று சைக்கிள் தொலைவில் கிடைக்கிறது. வயலை ஒற்றிவைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவர்களை நான் பெயர் பெயராக அறிவேன். சவூதியிலும் துபாயிலும் வெயிலில் நின்று அனுப்பிய பணம் எத்தனையோ கல்லூரிக் கட்டணமாயிற்று. அந்தப் பணத்துக்கு அவர்கள் வாங்கியது தாளா, அறிவா என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்குத் தைரியமில்லை. கல்லூரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பவர்கள். கேட்க வேண்டியவர்கள் நாம், சம்பளம் வாங்கியவர்கள்.

நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. தனித்தாள் வேண்டா, புதிய துறை வேண்டா, வெளிநாட்டு நிபுணரும் வேண்டா. இருக்கின்ற ஒவ்வொரு தாளிலும், எந்தப் பாடமானாலும், மாணவன் முன்பு கண்டிராத ஒரு செய்தியோ, புள்ளிவிவரமோ, ஒருவர் வாதமோ அச்சிட்டுக் கொடுத்து, அதனை எடைபோடச் சொல்லும் ஒரு வினா இருக்கட்டும். அதற்கு விடைக்குறிப்பில் நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று எண்ணிக்கை இராதிருக்கட்டும். திருத்துபவர் ஒரு நாளில் திருத்தும் தாள்களின் எண்ணிக்கை பாதியாகட்டும். அதற்காகும் செலவு ஒரு கட்டடத்தின் முகப்பு வளைவுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நியாயமாகத் திருத்த முடியுமா, ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறாதா என்பர். மாறும். இரண்டு பேர் திருத்தினால் குறையும். இப்போதைய முறையில் எல்லாரும் ஒரே மாதிரி மூன்று மதிப்பெண் போடுகிறோமே, அது நியாயமா?

அடுத்த பருவத் தேர்வுக்கு வினாத்தாள் எழுத அமரும் ஆசிரிய நண்பர்களுக்கு மாதிரி வினா ஒன்றை இங்கேயே தருகிறேன், உரிமை கோரேன். "மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டது, ஆகவே இவ்வாண்டு டெல்டாவில் குறுவை செழிக்கும். இம்முடிவை ஏற்குமுன் நீவிர் அறிய வேண்டியவை யாவை? ஏன்?" பதினைந்து மதிப்பெண். விடைக்குறிப்பு இல்லாமல் திருத்த இயலாது என்று எவரேனும் வற்புறுத்தினால், குரும்பகரம் தேநீர்க் கடைக்கு வரலாம். பெரியவர் காலை ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார்.